வக்கீல் வீட்டுப் பித்தளைப் பலகை

இல்லம்மா, கோவம் உங்க மேல இல்ல. பையை எடுக்க வேண்டாம், காலடியிலயே இருக்கட்டும். கண்டக்டர்கிட்ட நான் கத்தினதுக்குக் காரணம் வேற. காலையிலேருந்து யாரைப் பார்த்தாலும் கத்தணும்போல இருக்கு. நீங்க சீர்காழியில இறங்கறேன்னு சொன்னீங்களே, நல்லதாப் போச்சு. யார்கிட்டயாவது சொன்னாத்தான் எனக்கு இந்தக் குமட்டல் அடங்கும். என் வீட்டுல சொல்ல முடியாது. அங்கே அவங்க உட்கார்ந்திருக்காங்க.

அவங்கன்னா என் அண்ணி. அம்சவல்லின்னு பேரு. கூடப்பிறந்த அண்ணனோட சம்சாரம். அண்ணன் தவறிப்போய்ச் சில வருஷம் ஆச்சு. மாயவரத்துல எங்க அப்பா கட்டின வீட்டுல அண்ணி தனியா இருந்தாங்க. வக்கீல் வீடுன்னு சொன்னா இன்னிக்கும் ஆட்டோக்காரங்க வழி கேக்க மாட்டாங்க. பர்மாத் தேக்கு உத்தரம், கட்டிப்பிடிச்சா கைக்கு அடங்காத தூணு, நடுவுல முற்றம். மழை பேஞ்சா முற்றத்துல விழற சத்தம் ரேழி வரைக்கும் கேக்கும். நான் பிறந்த வீடும்மா. அதுல எனக்கும் சரிபாதி உண்டு. அப்பா கொடுக்கலை. அவர் பெரிய வக்கீலு, ஆனா பொண்ணுக்குப் பங்குங்கற பேச்செடுத்தா எழுந்து போயிடுவார். சட்டம் கொடுத்துது. அதுக்காக அப்பாவைக் குறை சொல்ல முடியுமா? அந்தக் காலத்து மனுஷன். தெய்வம்.

மங்கையர் மரபுமனை மன்றம்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? இல்லையா? பேப்பர்ல எல்லாம் வருமே. சரி விடுங்க. முழுக்க முழுக்கப் பெண்கள் நடத்தற அமைப்பு. நான் அதுல செயலாளர். தையல்நாயகிங்கற பேரு மேடைக்கு எடுபடாதுன்னு எங்க தலைவி நளாயினி மேடம் தையலை எடுத்துட்டாங்க. இப்போ நாயகி மேடம்னாத்தான் தெரியும்.

என்ன செய்யறோமா? பழைய வீடுகளைக் காப்பாத்தறோம். எங்க வேலை எதையும் புதுசாச் சேர்க்கறதில்லம்மா, சேர்ந்ததை எடுக்கறது. ஜனங்க செஞ்சு வெச்சிருக்கற அசிங்கம் இருக்கே! கடைசல் தூணுக்கு பச்சை பெயிண்ட். செட்டிநாட்டுத் தரை மேல வழுவழுன்னு டைல்ஸ். முற்றத்துக்கு மேல பிளாஸ்டிக் கூரை. அதையெல்லாம் பேத்தெறிஞ்சு, முதமுதல்ல வீடு எப்படி இருந்துதோ அப்படிக் கொண்டுவந்து, வாசல்ல ஒரு பித்தளைப் பலகை அடிப்போம். பலகை அடிச்ச வீட்டுக்கு ரெண்டு விதி. மன்றத்தைக் கேக்காம ஒரு செங்கல் வெக்கக்கூடாது. வீட்டுக்காரங்க குடும்பத்துல யாராவது அங்கேயே குடியிருக்கணும். பூட்டிக் கிடந்தா பலகையைக் கழட்டிடுவோம். ரெண்டையும் எழுதினது நான்தான். நல்ல விதி, இல்ல? குடியிருக்கற வீடுதானே உசிரோட இருக்கற வீடு.

ஊர் உலகத்து வீட்டையெல்லாம் காப்பாத்தறேன், எங்க அப்பா வீட்டுக்குப் பலகை இல்லைன்னா எனக்கு எப்படி இருக்கும்? மேடம் ஒருதரம் வந்து பார்த்தாங்க. எல்லாம் பிரமாதம், நாயகி, அந்த ஒண்ணைத் தவிரன்னாங்க. மூக்கைப் பொத்திக்கிட்டுச் சொன்னாங்க. எனக்கு அப்படியே பூமி பொளந்து உள்ளே போயிடலாம்போல இருந்தது.

அந்த ஒண்ணு என்னன்னு கேக்கறீங்களா? கொஞ்சம் கிட்ட வாங்க, முன்சீட்டுல ஆம்பளைங்க இருக்காங்க. கக்கூஸ்! வேற எங்கேயும் இல்ல, எங்க அப்பா சட்டப் புஸ்தகம் வெச்சிருந்த அறையில! முற்றத்தைத் தாண்டினதும் கூடத்து ஓரமா இருந்த அறை. அங்கே செருப்புப் போட்டுக்கிட்டு யாரும் போகக்கூடாது. நாங்க பிள்ளைங்க எட்டிப் பார்த்தாலே அடி விழும். எங்க அம்மாவே வாசப்படியில நின்னுதான் காப்பி டம்ளரை நீட்டுவாங்க. அந்த அறையில பீங்கானைப் பதிச்சு வெச்சுட்டாங்க. சீ!

இது அண்ணி வேலைதான். கல்யாணம் ஆகி வந்த நாள்லேருந்து இதே பேச்சு. வீட்டுக்குள்ள ஒண்ணு கட்டுங்க, கொல்லைக் கோடி வரைக்கும் போகப் பயமா இருக்குன்னு அண்ணன்கிட்ட நச்சரிப்பு. கொல்லைக் கோடியில ஓட்டுக் கொட்டகை போட்டு எடுப்புக் கக்கூஸ் இருந்தது. பகல்ல ஆம்பளைங்க போவாங்க. நாங்க விடியறதுக்கு முன்னாடி, இல்லாட்டி இருட்டினப்புறம். கொல்லைச் சந்து வழியா ஆள் வந்து சுத்தம் பண்ணிட்டுப் போயிடும். யாரு வருவாங்க, எப்போ வருவாங்க, ஒண்ணும் தெரியாது. அவ்வளவு சுத்தமா நடக்கும் எங்க வீட்டுல எல்லாம். இதுல பயம் என்ன வந்தது? அண்ணன் காதுலயே போட்டுக்கலை. ரெண்டு பிள்ளை பெத்தப்புறமும் இதே பாட்டு. வயத்துல ஆபரேஷன் ஆனப்பவும் இதே பாட்டு. அண்ணன் மலையாட்டம் அசையலை. அப்புறம் அண்ணனுக்கு மூலம் வந்து ஆபரேஷன் பண்ணாங்க பாருங்க. அந்த மாசமே கொத்தனார் வந்தாச்சு, கொல்லைக் கொட்டகையையும் இடிச்சுத் தள்ளியாச்சு. பாவம், உடம்புக்கு முடியாதவர், அவரைப் போய் வற்புறுத்திக் கட்ட வெச்சிருக்காங்கன்னா பார்த்துக்கோங்க.

போன ஐப்பசியில அண்ணி மக பிரசவத்துக்கு ஓசூர் போனாங்க. சரியான நேரம்னு மேடம் சொன்னாங்க. நான் ஒண்ணும் திருட்டுத்தனமாப் பண்ணலை. போன் போட்டு, அண்ணி, வீட்டைக் கொஞ்சம் ஒழுங்கு பண்றோம்னு சொன்னேன். சந்தோஷமா, செய் தையலு, கூடத்து ஓடு ஒழுகுது, அதை மொதல்ல பாருன்னாங்க. ஓட்டைத் தொட முடியுமா? அது அசல் ஓடு.

உள்ளே இருந்ததை உடைச்சு வண்டியில ஏத்தினப்போ நான் பக்கத்துலயே நின்னேன். தொட்டியையும் மண்ணடிச்சு மூடினோம். சுவத்துக்குச் சுண்ணாம்பு, கடுக்காத் தண்ணி எல்லாம் போட்டு இழைச்சு, அலமாரி செஞ்சு போட்டோம். அப்பா புஸ்தகம் எப்பவோ கரையான் தின்னுடுச்சு. பழைய புஸ்தகக் கடையில சட்டப் புஸ்தகமாப் பொறுக்கி எடை போட்டு வாங்கி அடுக்கினேன். பார்த்தா அப்பா இப்போதான் எழுந்து கோர்ட்டுக்குப் போனமாதிரி இருந்தது. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுட்டேன்மா. நிஜமாச் சொல்றேன்.

அண்ணி திரும்பி வந்தாங்க. முட்டி ஆபரேஷன் ஆன கால், மெதுவாத்தான் நடப்பாங்க. நேரா அந்த அறை வாசலுக்குத்தான் போனாங்க. சண்டை போடுவாங்கன்னு நான் பதில் எல்லாம் தயாரா வெச்சிருந்தேன். அவங்க ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க.

“தையலு, ராத்திரி நான் எங்கே போவேன்?”

பாருங்க, அம்மா. அவ்வளவு அழகா வீட்டை மீட்டுக் கொடுத்திருக்கேன், இவங்களுக்கு வர்ற மொதக் கேள்வி அது. பக்கத்து வீட்டு டாக்டரம்மா நல்ல மாதிரி, அங்கே போயிட்டு வாங்க அண்ணி, கொல்லையில புதுசு ஒண்ணு கட்டறது ரெண்டாவது கட்ட வேலை, மன்றக் கூட்டத்துல வெச்சு அனுமதி வாங்கணும்னு பொறுமையா எடுத்துச் சொன்னேன். அண்ணி தலையை ஆட்டினாங்க. அடுத்தவங்க வீட்டுக் கதவைத் தட்டி இதைக் கேக்கணுமான்னு முணுமுணுத்தாங்க. நான் காதுல வாங்காத மாதிரி இருந்துட்டேன். எல்லாத்துக்கும் பதில் சொல்லிக்கிட்டிருந்தா பொதுக்காரியம் பண்ண முடியாது.

தை பொறந்ததும் பலகைத் திறப்பு வெச்சோம். சென்னையிலேருந்து ஒரு வேன் நிறைய மன்றத்துப் பெண்கள். பெரிய பெரிய இடத்துப் பெண்கள். வழியில ஓட்டல்ல இறங்கி எல்லாத்தையும் முடிச்சிட்டு வர்றதாத்தான் ஏற்பாடு. விழுப்புரத்துக்கிட்ட லாரி கவிழ்ந்து ரோட்டை அடைச்சுக்கிச்சு. நேரமாயிடுச்சேன்னு எங்கேயும் நிக்காம நேரா வந்துட்டாங்க. வந்ததும் அண்ணி எல்லாருக்கும் இளநி சீவிக் கொடுத்தாங்க. ஒவ்வொருத்தருக்கும் பெரிய பெரிய இளநி. அப்புறம் மோர். அப்புறம் காப்பி. வேண்டாம்னாலும் விடலை. என்ன உபசாரம், என்ன உபசாரம்னு மேடம் என் காதுல சொன்னாங்க. எனக்கும் பெருமையாத்தான் இருந்தது. அண்ணி மனசு மாறிட்டாங்க, வீட்டு மதிப்பு இப்போதான் தெரிஞ்சிருக்குன்னு நெனச்சேன். நான் ஒரு மக்கு.

மேடம் கூடத்துல நின்னு பேசினாங்க. நீங்க கேட்டிருக்கணும். இந்த வீட்டில் வாழ்ந்த பெண்கள் எப்படி வாழ்ந்தார்களோ, அந்த வாழ்க்கையை ஒருநாளாவது நாம் தொட்டுப் பார்க்க வேண்டும், அப்படின்னு கண்கலங்கப் பேசினாங்க. கைதட்டு ஓயவே இல்லை. ஆனா கைதட்டும்போதே ரெண்டு மூணு பேர் நெளியறதைக் கவனிச்சேன். பேச்சு முடிஞ்சதும் ஒரு அம்மா அண்ணிகிட்டப் போய் ரகசியமா, ரெஸ்ட் ரூம் எங்கேங்கன்னு கேட்டாங்க.

அண்ணி ரகசியமாச் சொல்லக்கூடாது? கூடமே கேக்கற மாதிரி சொல்றாங்க.

“அதுவா, பெரிய மேடம் சொன்னாங்களே, அந்தக் காலத்துல எப்படியோ அப்படித்தான். எங்க மாமியார் எனக்குச் சொல்லிக்கொடுத்ததை உங்களுக்குச் சொல்றேன். இன்னும் வெளிச்சம் இருக்கு. இருட்டினப்புறம்தான் பொம்பளைங்க கொல்லைக்குப் போகணும். அதுவரைக்கும் அடக்கிக்கணும். முடியலைன்னா காலைக் குறுக்கே போட்டு உட்கார்ந்துக்கோங்க, கொஞ்சம் தாங்கும்.”

எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க! அத்தனை பேர் நடுவுல, எங்க அப்பா வீட்டுக் கூடத்துல! பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். டாக்டரம்மா வீட்டைப் பூட்டிக்கிட்டு மகன்கிட்ட பெங்களூர் போயிருக்காங்க. ஒரு மாசமாவே வீடு பூட்டித்தான் கிடக்காம். அண்ணி எனக்கு ஒரு வார்த்தை சொல்லலை பாருங்க. திரும்பி வந்தா, அண்ணி தாம்பாளத்துல சொம்பு அடுக்கி எடுத்துக்கிட்டு வர்றாங்க. வெத்தலை பாக்கு கொடுக்கறமாதிரி ஒவ்வொருத்தர்கிட்டயும் நீட்டறாங்க. பழைய சொம்பு, நெளிஞ்சிருக்கும், பார்த்துப் பிடிச்சிக்கோங்கன்னு வேற. சிரிக்கலை. முகத்துல ஒரு கேலி இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவே முடியலை. ஓடிட்டாங்கம்மா எல்லாரும். ஜரிகைப் புடவையைத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டு வேனுக்கு ஓடினாங்க. பெரிய பெரிய இடத்துப் பெண்கள்! மேடம் மொகம் வேர்த்துக் கொட்டிடுச்சு. பலகைக்கு ஆணி அடிக்கறவன் ரெண்டாவது ஆணி அடிக்கும்போது வேன் கிளம்பிடுச்சு.

வெட்கமில்லாத ஜென்மம்னு நான் அண்ணியைத் திட்டினேன். ஆமா, திட்டினேன். அவங்க கேட்டுக்கிட்டே ஒரு பையில நாலு புடவையை எடுத்து வெச்சாங்க. நான் வந்த கார்ல முன்சீட்டுல ஏறி உட்கார்ந்தாங்க. எங்கே அண்ணின்னேன். உன் வீட்டுக்குத்தான் தையலு, அங்கே ரெண்டு இருக்குல்லன்னாங்க.

வந்தவங்கதான். ரெண்டாவது பெட்ரூம், அதோட சேர்ந்த பாத்ரூம், ரெண்டும் அவங்களுக்கு. காலையில உள்ளே போனா வெளியே வர அவ்வளவு நேரம். ஒருநாள் கதவுக்கு வெளியே நின்னேன், பாட்டுப் பாடறாங்கம்மா உள்ளே! அந்த இடத்துல உட்கார்ந்து பாட்டுப் பாடறாங்க! எனக்கு அருவருப்புல உடம்பெல்லாம் கூசிடுச்சு. சண்டை போட்டாலாவது பதில் சொல்லலாம். சண்டையே போட மாட்டேங்கறாங்க. எங்க வீட்டுக்காரர் அவங்க கட்சி. வத்தக்குழம்பு வெச்சுக் கொடுத்தா அவர் யார் கட்சிக்கும் போவார்.

முந்தாநாள் மேடம் போன் பண்ணாங்க. நாயகி, மாயவரம் வீடு பூட்டிக் கிடக்குன்னு கமிட்டியில பேச்சு வந்திருக்கு, உறுப்பினர்கள் ஏற்கெனவே கோவமா இருக்காங்க, விதி நீங்க எழுதினதுதானேன்னாங்க. பலகையைக் கழட்டணும்ங்கறாங்க. எங்க அப்பா பேரு பொறிச்ச பலகை! கமிட்டி சித்திரையில கூடும், அப்போ கொல்லையில கட்டறதுக்கு அனுமதி போடலாம், அதுவரைக்கும் குடும்பத்துல யாராவது குடியிருந்தா நான் சமாளிக்கறேன்னாங்க. அண்ணியைக் கூப்பிட்டேன். கட்டி முடிச்சுட்டுச் சொல்லும்மா, வர்றேன்னாங்க. எங்க வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். எனக்குச் சர்க்கரை, ராத்திரியில பல தடவை எழுந்திருக்கணும், அங்கே எப்படி வர்றது, நீ போயிட்டு வான்னுட்டார்.

அதான் போறேன். நான் போகாம யார் போவா? அப்பா வீடாச்சே. இப்போ மாசி, சித்திரை என்ன தூரத்துலயா இருக்கு? எங்க அம்மா இல்லையா, ஆயுசு பூரா அந்த வீட்டுல? ஒரு நாளாவது வாயைத் திறந்து குறை சொல்லியிருப்பாங்களா?

கொள்ளிடம் பாலம் தாண்டியாச்சு போல. இன்னும் கொஞ்ச நேரத்துல நீங்க இறங்கணும். என்ன, தண்ணியா? வேண்டாம்மா. தாகம் இல்லாம இல்லை, காலையிலேருந்து பேசிப் பேசி நாக்கு ஒட்டிக்குது. ஆனா வேண்டாம். பொழுது சாயுது பாருங்க. அம்மாவும் இப்படித்தான், விளக்கு வெச்சப்புறம் ஒரு சொட்டுத் தண்ணி வாயில விட மாட்டாங்க. கோடையில உதடெல்லாம் வெடிச்சிருக்கும். நான் சின்னப் பொண்ணு, அம்மா ஏதோ விரதம் இருக்காங்கன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்.

பிடிவாதம் பண்ணாதீங்க, நிஜமாவே வேண்டாம். நீங்க குடிங்க. நீங்க வீட்டுக்குத்தானே போறீங்க.